நூத்திரெண்டு வர்ற வரைக்கும்

கெரன் ஷ்ராக் படிச்சது அத்லெடிக் ட்ரெய்னிங். அப்படிச் சொன்னா பாதிப் பேரு, "ஓ, ஜிம்ல எக்சர்சைஸ் சொல்லிக் குடுப்பியா?"ன்னு கேப்பாங்க. அவங்கப்பாவே கோதுமை அறுக்க வந்தவங்ககிட்ட, "எம் பொண்ணு கோச்சுக்குப் படிக்குது"ன்னுதான் மூணு வருஷமா சொல்லிட்டு இருந்தாரு. உண்மையில அது, விளையாடறவங்களுக்கு ஒண்ணுன்னா முதல் ஆளா ஓடிப்போய் பாக்கற வேலை. கணுக்காலுக்கு டேப் சுத்தறதுல ஆரம்பிச்சு, கழுத்துல அடிபட்டவனை அசையாமப் புடிச்சிக்கறது வரைக்கும் எல்லாம் அதுல வரும்.

கான்சாஸ்ல மொரையா கல்லூரி. கிறிஸ்தவக் கல்லூரிங்கறதால எந்தப் படிப்பு படிச்சாலும் பைபிள் பாடமும் உண்டு. மணிக்கட்டுல இருக்கற எட்டு எலும்பு பேரையும் பன்னெண்டு சின்ன தீர்க்கதரிசிகள் பேரையும் கெரன் ஒரே வாரத்துல மனப்பாடம் பண்ணினா. பரீட்சைல ஒரு எலும்புக்கு தீர்க்கதரிசி பேரை எழுதி வெச்சிட்டா. திருத்தின ரீட்டா பென்னர் ஓரத்துல, "இந்த எலும்பு உடைஞ்சா உபவாசம் இருந்து சரி பண்ணுவியா?"ன்னு எழுதியிருந்தாங்க.

ரீட்டாதான் அங்க தலைமை ட்ரெய்னர். நாப்பத்தஞ்சு வயசு, குள்ளம், தொண்டை மட்டும் ரொம்பப் பெருசு. ஆகஸ்ட் மாசம், ஆளோட ஆளு மோதி ஆடற அமெரிக்க ஃபுட்பாலுக்கு முகாம் ஆரம்பிச்சா அவங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். தொட்டி நிறையாம எவனும் ஹெல்மெட் போடக்கூடாது.

தொட்டின்னா மாடு தண்ணி குடிக்கற பெரிய வட்டத் தகரத் தொட்டி. மைதானத்து ஓரத்துல, கொட்டகைக்குப் பக்கத்துல இருக்கும். தண்ணி ரொப்பி, பக்கத்துலயே ஐஸ் பெட்டியும் வெச்சிருப்பாங்க. கவசமும் ஹெல்மெட்டும் போட்டுக்கிட்டு அந்த வெயில்ல ஓடற பசங்களுக்கு எப்பவாவது உடம்பு சூடு எக்கச்சக்கமா ஏறி மூளை குழம்பிடும். அப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடக்கூடாது. ஐஸ் தண்ணில போட்டு முதல்ல சூட்டை இறக்கணும், அப்புறந்தான் ஆம்புலன்ஸ். அரை மணி நேரத்துக்குள்ள இறக்கிட்டா ஆளு பொழைச்சிக்குவான், தாண்டிட்டா சொல்ல முடியாது. கெரன் இதைப் புஸ்தகத்துல படிச்சிருக்கா, பொம்மையை வெச்சுப் பழகியிருக்கா. நெசமா ஒருத்தனைப் பார்த்ததில்ல.

அந்தத் தொட்டிக்கு இன்னொரு வேலையும் இருந்துச்சு. வருஷாவருஷம் புதுப் பிள்ளைங்க வந்து சேர்ற வாரத்துல, வெள்ளிக்கிழமை சாயங்காலம், கல்லூரி சர்ச்சான சேப்பலோட புல்வெளியில ஆளைத் தண்ணில முக்கி ஞானஸ்நானம் குடுப்பாங்க. சேப்பல்ல அதுக்குத் தனியா தொட்டி கிடையாது. அதனால சேப்பல் காரியங்களைப் பாக்கற ஊழியக் குழுப் பசங்க இதைத்தான் வாங்கிட்டுப் போவாங்க. ஃபுட்பால் பயிற்சி காலைல பதினொண்ணுக்கே முடிஞ்சிடும், அதனால இத்தனை வருஷமா ஒரு சிக்கலும் வந்ததில்ல.

வியாழக்கிழமை ஊழியக் குழுவுலேர்ந்து கோரி எங்கறவன் வந்து கேட்டான்.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் தொட்டியை எடுத்துக்கலாமா?"

"யாருடா உனக்கு அக்கா? உன்னைவிட எட்டு மாசம்தான் பெரியவ."

"சரி பாட்டி, எடுத்துக்கலாமா?"

கெரன் சிரிச்சிட்டே டேப் உருண்டையைத் தூக்கி அவன் மேல அடிச்சா. "பயிற்சி முடிஞ்சதும் எடுத்துக்கோ. திருப்பிக் கொண்டாறப்போ கழுவிக் குடு. போன வருஷம் முழுக்க புல்லு."

வெள்ளிக்கிழமை காலைல அவ தொட்டியை ரொப்பினா, ஐஸ் வெச்சா, சுவத்துல மாட்டியிருந்த பட்டியல்ல டிக் அடிச்சா. எட்டு மணிக்கு இடி மின்னல். மின்னல் தெரிஞ்சா மைதானத்துல ஒருத்தரும் நிக்கக்கூடாது. பயிற்சியை சாயங்காலம் நாலு மணிக்கு மாத்திட்டாங்க.

மத்தியானம் கோரியும் இன்னும் மூணு பேரும் வந்து தண்ணியைக் கொட்டிட்டு தொட்டியை வண்டியில ஏத்தினாங்க. அந்த நேரத்துல கெரன் உள்ள வரிசையா கணுக்காலுக்கு டேப் சுத்திட்டு இருந்தா. நாப்பத்திரெண்டு பேரு. தகரம் உரசற சத்தம் அவ காதுல நல்லா விழுந்துச்சு. "பாத்துடா, கதவுல இடிக்காத!"ன்னு உள்ளேர்ந்தே கத்தினா. பயிற்சி இன்னும் நடக்கலையேன்னு அவளுக்குத் தோணவே இல்ல. கையி டேப்புல, மனசு அடுத்த காலுல.

மூணே முக்காலுக்கு ரீட்டா வந்து பட்டியலைப் பார்த்தாங்க. காலைல போட்ட டிக் அப்படியே இருந்துச்சு. "சரி, கெளம்பு"ன்னாங்க. அவங்க நேரா அந்தக் கோடி மைதானத்துக்குப் போயிட்டாங்க, அங்க ஒருத்தனுக்கு முட்டி வலி. கெரன் தண்ணி பாட்டில்களைத் தூக்கிட்டு இந்தப் பக்கம்.

மழை விட்ட வெயில். தரையிலேர்ந்து ஆவி எழும்புச்சு. சட்டை ஒடம்போட ஒட்டிக்கிச்சு.

ஆமோஸ் டெவால்ட் முதல் வருஷப் பையன், மேற்கு நெப்ராஸ்காவுல மாட்டுப் பண்ணை ஊருலேர்ந்து வந்தவன். நூத்தி முப்பது கிலோ, ஆனா பேசறது குழந்தை மாதிரி. வந்த பத்து நாள்ல அவன் வாயிலேர்ந்து "தேங்க்ஸ்" தவிர கெரன் வேற எதுவும் கேட்டதில்ல. கடைசி ஓட்டம் ஓடறப்போ எல்லாரும் ஒரு பக்கம் ஓட, அவன் மட்டும் குறுக்கால திரும்பி வேலியைப் பார்த்து நடந்தான்.

"டேய் ஆமோஸ், மாட்டைத் தேடிப் போறியா?"ன்னு ஒருத்தன் கத்தினான். எல்லாரும் சிரிச்சாங்க.

கெரன் சிரிக்கல. அவ ஓடினா. கிட்டப் போறதுக்குள்ள அவன் முட்டி போட்டு உக்காந்து ஹெல்மெட் கம்பியைப் புடிச்சு இழுத்துட்டு இருந்தான்.

"ஆமோஸ், இன்னிக்கு என்ன கெழமை?"

"பஸ்ஸு போயிடுச்சா?"ன்னு கேட்டான். கண்ணு அவளைப் பாக்கல. கழுத்துல கை வெச்சா. அடுப்புலேர்ந்து இப்பத்தான் எடுத்த பாத்திரம் மாதிரி இருந்துச்சு. கையை எடுத்துட்டா.

கோச் விசில் அடிச்சாரு. யாராவது விழுந்தா மத்தவங்க எல்லாம் ஒரு முட்டி போட்டு நிக்கணும்ங்கறது அங்க வழக்கம். மைதானம் பூரா அப்படியே முட்டி போட்டுச்சு. ரீட்டா சின்ன சரக்கு வண்டியை ஓட்டிட்டுப் பறந்து வந்தாங்க. ஒரு பார்வைதான் பார்த்தாங்க.

"கோச், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. கெரன், தொட்டிக்கு!"

கெரன் கொட்டகைப் பக்கம் திரும்பினா. தொட்டி இருந்த எடத்துல, வெளுத்துப்போன புல்லு ஒரு வட்டமா தெரிஞ்சுது. பக்கத்துல ஐஸ் பெட்டி மட்டும் நின்னுச்சு.

ரீட்டாவும் பார்த்தாங்க.

"தொட்டி எங்க?"

"சேப்பல் புல்வெளியில. நான்தான் குடுத்தேன்."

ரீட்டா திட்டல. ரெண்டு செகண்டு யோசிச்சாங்க. ஷவர்ல நிக்க வெச்சா இவ்வளவு பெரிய ஒடம்புக்குப் பத்தாது. சேப்பல் மைதானத்துலேர்ந்து அரை கிலோமீட்டர்.

"ஆறு பேரு வாங்கடா! தூக்குங்க! கெரன், வண்டியில ஏறு, போற வழியிலயே எல்லாத்தையும் வெட்டி எடு."

ஆறு பேரு முக்கி முனகி அவனை வண்டி மேல ஏத்தினாங்க. குலுங்கிட்டே போற வண்டியில கெரன் கத்திரியால ஜெர்சியை வெட்டினா, பட்டைகளை வெட்டினா, கவசத்தை உருவினா. ஆமோஸ் கையை வீசினான், அவ தாடையில ஒரு அடி விழுந்துச்சு. அப்புறம் வாயைத் திறந்தான் பாருங்க! பத்து நாளா "தேங்க்ஸ்" மட்டும் சொன்ன பையன் வாயிலேர்ந்து வந்த கெட்ட வார்த்தைங்களை மொரையா கல்லூரி அதைக் கட்டின நாள்லேர்ந்து கேட்டிருக்காது.

புல்வெளியில எரநூறு பேரு பாடிட்டு இருந்தாங்க. பாஸ்டர் ஓரின் வீப் தொட்டிக்குள்ள முட்டி அளவு தண்ணில நின்னாரு. வெள்ளை அங்கி போட்ட ஒரு பொண்ணு உள்ள எறங்கறதுக்கு ஒரு காலைத் தூக்கியிருந்தா. ரீட்டா ஹாரன்லேர்ந்து கையை எடுக்கல. பாட்டு நின்னுச்சு, கூட்டம் ரெண்டா பிரிஞ்சு வழி விட்டுச்சு.

"பாஸ்டர், தொட்டி வேணும்!"

பாஸ்டர் ஒரு கேள்வி கேக்கல. அந்தப் பொண்ணை மெதுவா ஒதுக்கிட்டு, தானே ஆமோஸோட கக்கத்துல கையைக் குடுத்து உள்ள இழுத்தாரு. தண்ணி நாலாப் பக்கமும் வழிஞ்சு ஓடுச்சு. ரீட்டா ஒரு துண்டை அவன் நெஞ்சுக்குக் குறுக்க போட்டு, தலை முங்காம பின்னாலேர்ந்து இழுத்துப் புடிச்சுக்கிட்டாங்க.

கெரன் தண்ணில கையை விட்டா. "ரீட்டா, தண்ணி வெதுவெதுன்னு இருக்கு!"

"குளிருமேன்னு சமையலறைலேர்ந்து சுடுதண்ணி ஊத்தினோம்"னு கோரி அழற குரல்ல சொன்னான்.

"ஐஸ்! பெட்டியை அங்கயே விட்டுட்டு வந்துட்டோம், இங்க எங்கயாவது ஐஸ் இருக்கா?"ன்னு ரீட்டா கத்தினாங்க.

இருந்துச்சு. ஞானஸ்நானம் முடிஞ்சதும் கையால சுத்தற மெஷின்ல ஐஸ்கிரீம் செய்யறது அங்க வழக்கம். அதுக்காக மரத்தடியில நாப்பது மூட்டை ஐஸ் அடுக்கியிருந்தாங்க. கோரி ஓடினான். அவன் பின்னால எல்லாரும் ஓடினாங்க. மூட்டை மூட்டையா வந்துச்சு, பல்லால கிழிச்சாங்க, கொட்டினாங்க. பேராசிரியர் ஒருத்தரு டை கட்டின கழுத்தோட குனிஞ்சு ரெண்டு கையாலயும் தண்ணியைக் கலக்கினாரு.

அடுத்த வேலை கொஞ்சம் சங்கடமானது. இந்த மாதிரி நேரத்துல சூட்டை வாயில பாத்தா தப்பாக் காட்டும், நெத்தியில பாத்தா அதைவிடத் தப்பு. ஆசனவாய்ல மெல்லிசான ஒயர் ஒண்ணைச் செலுத்தித்தான் பாக்கணும். எரநூறு பேரு நடுவுல, ஒரு பையனுக்கு. கெரன் கையுறை மாட்டிக்கிட்டே நிமிர்ந்து பார்த்தா.

"அங்கி போட்டவங்க எல்லாம் வாங்க. தொட்டியைச் சுத்தி நில்லுங்க. முதுகைக் காட்டி நில்லுங்க. அங்கியை ரெண்டு பக்கமும் விரிச்சுப் புடிங்க."

ஞானஸ்நானத்துக்கு வந்திருந்த பதினோரு பேரும் வந்தாங்க. வெளியப் பார்த்துத் திரும்பி, வெள்ளை அங்கியை இறக்கை மாதிரி விரிச்சு, ஒருத்தர் துணி இன்னொருத்தர் துணியைத் தொடற மாதிரி நின்னாங்க. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. அந்த வெள்ளைச் சுவருக்குள்ள கெரன் தன் வேலையை முடிச்சா.

மெஷின்ல நம்பர் வந்துச்சு. நூத்தியேழு புள்ளி எட்டு.

வீட்ல நூத்திமூணு ஜுரம் வந்தாலே அம்மாங்க அழுவாங்க. நூத்தியேழு புள்ளி எட்டு உள்ள ஒரு மனுஷன் கை எட்டற தூரத்துல மூச்சு விட்டுட்டு இருக்கான். கெரன் தன் தொடைமேல வெள்ளை டேப் ஒரு நீளம் ஒட்டினா. எழுத வேண்டியதை ட்ரெய்னருங்க எல்லாம் அப்படித்தான் எழுதுவாங்க. நேரத்தையும் நம்பரையும் எழுதி சத்தமா படிச்சா, அவ குரல் அவளுக்கே வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு.

ஒரு நிமிஷம். நூத்தியேழு புள்ளி எட்டு.

ரெண்டு நிமிஷம். நூத்தியேழு புள்ளி எட்டு.

"எறங்கல"ன்னா கெரன்.

"எறங்கும். கலக்கு"ன்னாங்க ரீட்டா.

மூணு நிமிஷம். நூத்தியேழு புள்ளி அஞ்சு.

அங்கிக்கு வெளியேர்ந்து ஒரு மூச்சு கேட்டுச்சு. எரநூறு பேரு ஒண்ணா விட்ட மூச்சு. யாரும் பாடல, யாரும் சத்தம் போட்டு ஜெபிக்கல. ஐஸ் தகரத்துல இடிக்கற சத்தம், தண்ணி கலக்கற சத்தம், கெரனோட நம்பர், அவ்வளவுதான். நூத்தியேழு. நூத்தியாறு புள்ளி ஏழு. நூத்தியாறு புள்ளி மூணு. சின்ன வயசுலேர்ந்து அவ போகாத கூட்டமில்ல, ஆனா இந்த மாதிரி ஒரு அமைதியை எங்கயும் கேட்டதில்ல. எழுதற கையில ரோமம் எல்லாம் குத்திட்டு நின்னுச்சு. குளிரினால இல்ல.

பாஸ்டர் வெளிய வரவே இல்ல. ஐஸுக்குள்ள நின்னு ஆமோஸோட ரெண்டு காலையும் புடிச்சிட்டு இருந்தாரு. உதடு நீலமாயிடுச்சு. ஆமோஸ் அவரைப் பார்த்து இன்னொரு கெட்ட வார்த்தை சொன்னான். "ஆமாம்பா, ஆமாம்"னு அவரு அவன் காலைத் தட்டிக் குடுத்தாரு.

ஒன்பதாவது நிமிஷம் ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஷெல்பின்னு ஒரு பொண்ணு, கெரனைவிட ரெண்டு வயசு கூட இருக்கும், ஸ்ட்ரெச்சரோட அங்கிகளை விலக்கிட்டு வந்தா.

"வெளிய எடுங்க. ஆஸ்பத்திரி பன்னெண்டு நிமிஷந்தான்."

"இன்னும் எடுக்கக்கூடாது"ன்னா கெரன்.

"நீ யாரு?"

"ட்ரெய்னிங் மாணவி."

"மாணவியா! ஏம்மா, இவனுக்கு வலிப்பு வந்தா நீ பாப்பியா? தள்ளு."

ரீட்டா கையில முழு பாரமும் இருந்துச்சு, மூச்சு வாங்கினாங்க. நீயே சொல்லுங்கற மாதிரி கெரனைப் பார்த்துத் தலையை ஆட்டினாங்க. கெரன் நகரல. தொடையில இருந்த டேப்பைக் காட்டினா.

"இதப் பாருங்க. நூத்தியேழு புள்ளி எட்டுல ஆரம்பிச்சுது. இப்ப நூத்தியஞ்சு புள்ளி ஒண்ணு. எறங்கிட்டு இருக்கு. வண்டியில ஏத்தினா நின்னு போயிடும். நூத்திரெண்டு வரட்டும், நானே தூக்கித் தரேன். முதல்ல சூடு, அப்புறம் வண்டி."

ஷெல்பி டேப்பைப் படிச்சா. மேலேர்ந்து கீழ ஒவ்வொரு வரியா. அப்புறம் ஸ்ட்ரெச்சரை விட்டுட்டு, சட்டைக் கையைச் சுருட்டிட்டு முட்டி போட்டா. "அவன் கையை இப்படிக் குடு. இங்கயே ஊசி போட்டுடறேன்."

நூத்திநாலு புள்ளி ரெண்டு வந்தப்போ கெட்ட வார்த்தை நின்னுச்சு. நூத்திமூணு புள்ளி ரெண்டுல அவன் நடுங்க ஆரம்பிச்சான். பதினெட்டாவது நிமிஷம் கெரன் நம்பரைப் பார்த்தா, கண்ணைத் துடைச்சிட்டு இன்னொரு தடவை பார்த்தா.

"நூத்திரெண்டு! தூக்குங்க!"

தொட்டியை விட்டு அவன் வர்றப்போ ஒடம்பெல்லாம் ஐஸ் துண்டு சரிஞ்சு விழுந்துச்சு. போர்வையைப் போத்தினதும் ஆமோஸ் கண்ணைத் திறந்து சுத்திப் பார்த்தான். இந்தத் தடவை கண்ணு அவகிட்ட வந்து நின்னுச்சு.

"கெரன்"னான். பேரு சரியா சொன்னான். "இவங்கல்லாம் ஏன் எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறாங்க?"

ரீட்டா முந்திக்கிட்டாங்க. "நீ கெட்ட வார்த்தை பேசினடா, அதான் கோவம்."

கையி மரத்துப் போய் கையுறையைக் கழட்டக்கூட கெரனுக்கு வரல. ஒரு காலைத் தூக்கிட்டு நின்ன அந்தப் பொண்ணுதான் விரல் விரலா உருவிக் குடுத்தா.

அறைக்குத் திரும்பினதும் ரீட்டா பட்டியலைச் சுவத்துலேர்ந்து கழட்டி மேஜை மேல வெச்சாங்க.

"விழுந்ததுலேர்ந்து தண்ணிக்கு எவ்வளவு நேரம்?"

"ஒன்பது நிமிஷம். தொட்டி இங்க இருந்திருந்தா ரெண்டு."

"எழுது. உம் பேரைப் போட்டு எழுது. அடுத்த வரியில, நேருல போய்ப் பாக்காம டிக்கை மட்டும் பார்த்தது ரீட்டா பென்னர்னும் எழுது."

சனிக்கிழமை மத்தியானம் கெரன் ஆஸ்பத்திரிக்குப் போனா. ஆமோஸ் தூங்கிட்டு இருந்தான். அவனோட அம்மா லுவான் ஆறு மணி நேரம் தனியா வண்டி ஓட்டிட்டு வந்திருந்தாங்க. ஊர்ல ஸ்கூல் பஸ் ஓட்டறவங்க, பெரிய கையி. கல்லீரலும் கிட்னியும் தேறிடும்னு டாக்டர் சொல்லிட்டாராம். இந்த வருஷம் ஆட்டம் மட்டும் கிடையாது.

"நீதானா அந்தப் பொண்ணு?"ன்னு எழுந்தாங்க, கட்டிப்புடிக்க.

கெரன் ஒரு அடி பின்னால போனா. "முதல்ல ஒண்ணு சொல்லணும், மேடம். தொட்டி மைதானத்துல இருந்திருக்கணும். பயிற்சி நேரம் மாறினதை மறந்துட்டு நான்தான் குடுத்தனுப்பினேன். அதனால ஏழு நிமிஷம் வீணாச்சு. அறிக்கையில எழுதியிருக்கேன். வேற யாரோ சொல்லி நீங்க கேக்க வேண்டாம்னுதான் வந்தேன்."

லுவானோட கையி பாதியில நின்னுச்சு. மெதுவா கீழ எறங்குச்சு. மகனைப் பார்த்தாங்க. அவன் போர்வையை இழுத்துச் சரி பண்ணினாங்க.

"ஏழு நிமிஷம்"னாங்க.

"ஆமாங்க."

"அதுக்கு இப்ப நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கே தெரியல என்ன சொல்றதுன்னு." நாற்காலியைக் காலால தள்ளி விட்டாங்க. "உக்காரு. அந்த நேரத்துல நான் ஊர்ல துணி காயப் போட்டுட்டு இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. என்னென்ன நடந்துச்சு, சொல்லு."

கெரன் பையிலேர்ந்து ஒரு அட்டையை எடுத்தா. அந்த வெள்ளை டேப்பை அதுல ஒட்டி வெச்சிருந்தா. தண்ணி பட்டு மசி கொஞ்சம் பரவியிருந்துச்சு.

"நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதினேன். படிக்கட்டுமா?"

"எல்லாத்தையும் படி. ஒண்ணு விடாத."

கெரன் படிக்க ஆரம்பிச்சா. நூத்தியேழு புள்ளி எட்டு. நூத்தியேழு புள்ளி எட்டு. மூணாவது தடவையும் அதே நம்பர் வந்தப்போ லுவான் கட்டில் கம்பியை இறுக்கிப் புடிச்சாங்க. நூத்தியேழு புள்ளி அஞ்சுன்னதும் கண்ணை மூடிக்கிட்டாங்க. அவன் மார்பு போர்வைக்கடியில ஏறி எறங்கிட்டு இருந்துச்சு. கெரன் அவசரப்படாம, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கொஞ்சம் நிறுத்தி, கீழ வரைக்கும் படிச்சுட்டே போனா.